பொலிஸ் கேட்ட விடுப்பு

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

"கனடாவிலுமோ கள்ளர்?" என்று போனில் கேட்டு அதிசயப்பட்டீர்கள். இருக்கிறார்கள். ஆனால் ஓடு பிரிக்கவோ வேலி பாயவோ மாட்டார்கள். நடுச்சாமத்தில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் ஒரு கருவியோடு வாசல் கதவோரம் நிற்பான். வீட்டுக்குள் கிடக்கிற கார்த் திறப்பின் சமிக்ஞையை அது பிடித்து, காரடியில் நிற்கிற மற்றவனுக்கு அனுப்பும். சொந்தக்காரர்தான் வந்துவிட்டார் என்று கார் நம்பிக் கதவைத் திறக்கும், ஸ்ராட்டும் ஆகும். அப்படிப் போகிற கார்களில் கனக்க மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனுக்குள் ஏறி, ஆபிரிக்காவுக்கோ மத்திய கிழக்குக்கோ போய்விடுமாம். நாங்கள் விசாவுக்குப் பட்ட பாட்டை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்களை விடுங்கள். நீதி அமைச்சருக்கு அரசாங்கம் கொடுத்த ரொயோட்டா ஹைலாண்டரே மூன்று முறை களவு போனதென்று 2024இல் செய்தி வந்தது. கார்க் களவுக்கென்றே அந்த வருசம் பெப்ரவரியில் ஒட்டாவாவில் மாநாடு கூட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் ரொறன்ரோ பொலிஸ்காரர் ஒருவர், கள்ளர் வீட்டுக்குள் வந்து அடிக்காமல் இருக்கவேண்டுமானால் கார்த் திறப்பை வாசல் கதவடியில் வைத்துவிடுங்கள் என்று ஒரு கூட்டத்தில் புத்தி சொன்னார். நாடே சிரித்தது. "தேத்தண்ணியும் ஊற்றி வைக்கட்டோ?" என்று கேட்டா உங்கள் மருமகள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், வேறு வழிகளும் உண்டு என்று பொலிஸ் மேலிடம் பிறகு சமாளித்தது.

அந்த வேறு வழிகளைச் சொல்லத்தான் எங்கள் தெருவாரையும் நூலக மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். திறப்பைச் சமிக்ஞை மறிக்கிற பைக்குள் போடுங்கள், ஸ்ரேறிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடுங்கள், காருக்குள் சில்லறைக் காசுகூட வெளித்தெரிய விடாதீர்கள், நகையை வங்கியில் வையுங்கள் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினோம். காரைக் கராஜுக்குள் விடுங்கள் என்றபோது மட்டும் சனம் நிலத்தைப் பார்த்தது. எங்கள் கராஜில் பழைய மெத்தை, கோடைகாலச் சில்லுகள், உங்களுக்கு அனுப்பவென்று கட்டத் தொடங்கிய பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கார் பனிக்குள் நிற்கிறது. பைக்கு ஏன் காசென்று, திறப்பை மாலிபன் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு இறுக்கி மூடி, காரடியில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தேன். கதவு அசையவில்லை.

கடைசியாகத்தான் பெரிய விசயத்துக்கு வந்தார்கள். தெருவைத் தெருவாரே பார்க்கவேண்டுமாம். அமெரிக்காவில் 1972இலும் இங்கிலாந்தில் 1982இலும் தொடங்கிய அயற்காவல் முறை. தெரியாத வாகனம் கனநேரம் நின்றால் இலக்கத்தைக் குறிக்கவேண்டும். பக்கத்து வீட்டார் பயணம் போனால் அவர்களின் கடிதங்களை எடுத்துவைக்கவேண்டும், வாசல் பனியையும் வழிக்கவேண்டும். வழிக்காத பனி, வீட்டில் ஆளில்லை என்று கள்ளனுக்குச் சொல்லிவிடும். ஆளின் நிறத்தையோ உடுப்பையோ பார்த்துச் சந்தேகப்படக்கூடாது, செய்கையைப் பார்க்கவேண்டும். கள்ளனைப் பிடிக்க நாங்கள் ஓடக்கூடாது, 911க்கு அடித்தால் போதும்.

சின்னம்மா, இதைத்தானே நீங்கள் காலம் முழுக்கப் படலையடியில் நின்று சும்மா செய்தீர்கள்! உங்களுக்குத் தெரியாமல் ஒழுங்கைக்குள் ஒரு நாய் நுழைந்ததுண்டோ? அதை விடுப்பு என்று நாங்கள் நக்கலடித்தோம். இங்கே அதற்குத் துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுக்கிறார்கள்.

ஒரேயொரு சிக்கல். தெரிந்த ஆள் ஆரென்று தெரிந்தால்தானே தெரியாத ஆளைப் பிடிக்கலாம்? கூட்டம் முடிந்த கிழமையே முன்வீட்டு வெள்ளைக்கார மனுசி, மங்கிக் குல்லாப் போட்ட ஒருவர் காலையும் மாலையும் வீடு வீடாக நின்று பார்க்கிறார் என்று தெருவாரின் வாட்ஸ்அப்பில் படத்தோடு போட்டுவிட்டா. பார்த்தால் எங்கள் மாமா! நீரிழிவுக்கு நடக்கிறவர், எந்த வீட்டில் என்ன மரம் என்று எட்டிப் பார்ப்பார். நான் அவரையும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைத்தேன். இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அந்த வீட்டு வாசற்படி மிதித்தோம்.

இப்போது மனுசி கியூபாவுக்குப் போயிருக்கிறா. வீட்டுத் திறப்பு எங்கள் கையில். நேற்றிரவு நல்ல பனி, மாமா இரண்டு வாசலையும் வழித்துவிட்டு நாரிநோவென்று படுத்திருக்கிறார். மாமிக்குச் சந்தோசம். மனுசன் ஒரு நாளாவது வீட்டில் கிடக்கிறாராம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்