வேஸ்ட்கேட்டிடம் பொய் சொல்வது எப்படி?

டர்போ வைத்த பழைய கார் ஒன்றை வாங்கியவர் முதல் மாதம் அதன் இழுப்பில் சொக்கிக் கிடப்பார். இரண்டாம் மாதம் பழகிவிடும். மூன்றாம் மாதம் டீக்கடை வாசலில் யாராவது வந்து, “பூஸ்ட் எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுத் தொலைப்பார். அன்று இரவு தூக்கம் போய்விடும். விடிந்ததும் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, “மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் நல்லதா, எலக்ட்ரானிக் நல்லதா?” என்று விசாரிக்க ஆரம்பிப்பார்.

அந்தப் போன்களில் பாதி எனக்கு வருவதால் இந்த வழிகாட்டி. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கப்போவது பொய் சொல்லும் கருவி. பெட்டியின் மேல் அப்படி அச்சிட்டிருக்க மாட்டார்கள்.

யாரிடம் பொய்? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது; அந்த அழுத்தம்தான் பூஸ்ட். காற்று கூடினால் எரிபொருள் கூடும். அது கூடினால் புகை கூடும். புகை கூடினால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றும். வட்டிக்கு வட்டி போல ஏறும் இந்தக் கணக்கை யாராவது நிறுத்த வேண்டுமல்லவா? அதற்குத்தான் வேஸ்ட்கேட். புகையில் ஒரு பங்கை டர்பைன் பக்கம் போகவிடாமல் குறுக்குவழியில் வெளியேற்றும் சிறு கதவு அது. கதவைத் திறக்கும் காவல்காரர் ஆக்சுவேட்டர். ஒரு தகரக் குடுவை, அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், இவ்வளவுதான் ஆள். கம்ப்ரஸரிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு ட்யூப் அவரிடம் வருகிறது. ஸ்பிரிங் 7 பி.எஸ்.ஐ.க்கு உரியது என்றால் அழுத்தம் 7-ஐத் தொட்டதும் கதவைத் திறப்பார். கண் கிடையாது, மூளை கிடையாது, காது மட்டும் ஒன்று உண்டு. அதுதான் அந்த ட்யூப். இப்படிப்பட்ட நேர்மையான மனுஷரை ஏமாற்றத்தான் நாம் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே முதல் படி, எந்த வகைப் பொய் உங்கள் சுபாவத்துக்கு ஒத்துவரும் என்று பார்ப்பது.

மேனுவலில் இரண்டு ரகம். ஒன்று கசிவு வால்வு. ட்யூபின் நடுவில் வைத்துக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிடும். கம்ப்ரஸர் 10 என்று கத்தினாலும் காவல்காரர் காதில் 7 என்றுதான் விழும். மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயில் சின்னதாக ஒரு வால்வு இருக்குமே, அதை வைத்தே இந்த வேலையை முடித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மீன்களின் கதி தெரியவில்லை. இந்தப் பொய்யில் ஒரு குறை உண்டு. குறைத்துச் சொன்னாலும், ஆரம்பத்திலிருந்தே ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். காவல்காரர் சந்தேகப்பட்டுக் கதவை முன்கூட்டியே மெல்ல ஒருக்களித்து வைப்பார். டர்போ எழும்பச் சோம்பும்.

இரண்டாவது ரகம் குண்டும் ஸ்பிரிங்கும் வைத்தது. இது வாய்திறக்காமலே ஏமாற்றும். குறித்த அழுத்தம் வரும்வரை குண்டு ட்யூபை அடைத்துக்கொண்டு நிற்கும். காவல்காரருக்கு ஒரு சேதியும் போகாது. அழுத்தம் வந்ததும் மொத்தத்தையும் போட்டு உடைத்துவிடும். அதுவரை கதவு இறுக மூடியிருப்பதால் டர்போ சட்டென்று எழும்பும். அமெரிக்காவில் தொழிற்சாலைச் சாமான் விற்கும் கிரெய்ங்கர் நிறுவனத்தின் பாகங்களை வைத்தே ஆட்கள் இதைக் கோத்துக்கொண்டார்கள். ‘கிரெய்ங்கர் வால்வு’ என்றே பெயரும் விழுந்துவிட்டது. வாங்கும்போது பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டபின் ட்யூபுக்குள் சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் திறந்த கதவு மூட மறுக்கும், கார் எருமை மாதிரி நடக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் ஒரு குண்டூசிக்காகத் தையல் பெட்டியைத் தேடும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரானிக் என்பது வக்கீல் வைத்துக்கொள்வது மாதிரி. உணரி ஒன்று அழுத்தத்தை அளக்கும். சொலினாய்டு வால்வு ஒன்று ஒரு நொடிக்கு இருபது முப்பது தடவை டிக் டிக் என்று திறந்து மூடி, காவல்காரர் காதில் எந்த நேரத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று பங்கிட்டுத் தரும். முதல் கியரில் டயர் வழுக்குமா? அங்கே அடக்கி வாசிக்கும். நான்காம் கியரில் சாலை நீண்டு கிடக்கிறதா? வாதத்தை உயர்த்தும். ஜப்பானிய எச்.கே.எஸ்., கிரெடி, ப்ளிட்ஸ், அபெக்ஸி எல்லாம் இந்தத் தொழிலில் பேர் பெற்றவை. சிலவற்றில் ‘ஸ்கிராம்பிள்’ என்று ஒரு வசதி உண்டு. ஸ்டீயரிங் பக்கத்தில் பட்டனைத் தட்டினால் சில நொடிகளுக்கு மட்டும் கூடுதல் பூஸ்ட். விலை மேனுவலைப்போல ஆறேழு மடங்குக்குக் குறையாது. ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டில் வருவது மலிவு, ஆனால் கூடவே வரும் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். படங்களைப் பார்த்து யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த வக்கீலாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் 7 என்றால் 6-க்கு இறக்க முடியாது. பொய்யைக் கூட்டலாமே தவிர, உண்மைக்குக் கீழே போக வழியில்லை. அதேபோல் வேஸ்ட்கேட்டின் ஓட்டையே சின்னதாக இருந்து, கதவை முழுக்கத் திறந்தும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால், அதற்குக் கன்ட்ரோலர் மாற்றிப் பயனில்லை. ஓட்டையைத்தான் பெரிதாக்க வேண்டும். இந்த நோயோடு வருகிறவர்கள்தான் எப்போதும் மூன்று கன்ட்ரோலர் மாற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இரண்டாம் படி, எவ்வளவு பொய் தாங்கும் என்பது. “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்” என்கிற நம் பெரியவர்கள், அதற்குப் பிறகு நடக்கும் குடித்தனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர்., ஆர்32 என்கிற காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2,568 சி.சி., ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. ஆஸ்திரேலியப் பத்திரிகைக்காரர்கள் ‘காட்ஸில்லா’ என்று பெயர் வைத்த கார். அதன் அதிகாரபூர்வ சக்தி 280 குதிரை. அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் எல்லாம் 280-க்கு மேல் எதற்கும் போடுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்தன; 2004 வரை அந்த ஒப்பந்தம் ஓடியது. காட்ஸில்லா உண்மையில் 280-தான் தருகிறது என்று நம்பியவர் எவரும் இல்லை. அதாவது, நீங்கள் பொய் சொல்லத் தொடங்குமுன்பே கம்பெனி ஒரு பொய் சொல்லி முடித்திருக்கிறது.

அந்தக் காரில் கம்பெனியே ஒரு சொலினாய்டு வைத்து, அதன் ட்யூபுக்குள் சிறு துளையுள்ள அடைப்பான் ஒன்றையும் செருகியிருந்தது. அதை உருவி எறிந்தால் போதும், கன்ட்ரோலரே வாங்காமல் பூஸ்ட் ஏறக்குறைய 10 பி.எஸ்.ஐ.யிலிருந்து 14-க்குப் பக்கம் போய் நிற்கும். உலகத்திலேயே மலிவான பூஸ்ட் கன்ட்ரோலர் என்றால் அந்த அடைப்பான் இருந்த வெற்றிடம்தான். ஆனால் அங்கேயே நிற்க வேண்டும். சீக்கிரம் சுழல வேண்டும் என்று அந்த டர்போக்களின் டர்பைன் சக்கரத்தைப் பீங்கானில் செய்திருந்தார்கள். 1 பாருக்கு, அதாவது 14.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் விரட்டினால் சக்கரம் தண்டிலிருந்து கழன்று புகைக்குழாயில் போய் விழும். டயருக்குக் காற்றடிக்கும்போது ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூடினால் நாம் கண்டுகொள்வதில்லை. இங்கே அந்த ஒன்றிரண்டில்தான் டர்போவே போய்ச் சேரும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பது மற்ற கார்களுக்கு. இந்தக் காரில் எட்டு மைல்கூடத் தாங்காமல் போகலாம்.

மூன்றாம் படி உங்களைத் தேடித் தானே வரும். பூஸ்ட்டை ஏற்றியதும் ஒருநாள் முழு வேகத்தில் கார் முதுகில் அடித்ததுபோல் வெட்டி நிற்கும். காற்று அளவுக்கு மேல் வருவதைப் பார்த்த கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிட்டது. இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, எரிபொருள் கணக்கை மறுபடி எழுதுவது, அதாவது முறையான ட்யூனிங். மற்றது, கம்ப்யூட்டருக்குப் போகும் உணரியின் சேதியை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துவைக்கும் சின்னப் பெட்டி. இதையும் கடையில் விற்கத்தான் செய்தார்கள். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். இப்போது காவல்காரரும் ஏமாந்தார், கணக்குப்பிள்ளையும் ஏமாந்தார். காற்று நிறைய வருகிறது, பெட்ரோல் அதற்கேற்ப வரவில்லை. தகர டப்பாவில் கடலையைப் போட்டுக் குலுக்குவது போல் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வந்தால் அது நாக்கிங். பொய் கேட்கத் தெரியாத ஒரே ஆசாமி பிஸ்டன்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. இங்கே டர்போ என்றால் பல காலம் டீசல்தான். அவற்றில் பலவற்றில் வேஸ்ட்கேட்டே இல்லை. டர்பைனைச் சுற்றியுள்ள இதழ்களைத் திருப்பி வேலையை முடிக்கின்றன. அறுத்துச் செருக ட்யூப் கிடைக்காது. அதற்கு மாற்றாக ‘ட்யூனிங் பாக்ஸ்’ விற்கிறார்கள். அது ரயில் பிரஷரை, அதாவது டீசல் குழாயின் அழுத்தத்தை, குறைத்துச் சொல்லி, கம்ப்யூட்டரையே அழுத்தத்தை ஏற்ற வைக்கும். பொய்யின் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இன்றைய டர்போ பெட்ரோல் கார்களிலோ பூஸ்ட்டைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. நடுவில் மேனுவலைச் செருகினால் அது கோபித்துக்கொண்டு நொண்டி நடைக்கு இறங்கிவிடும். தவிர, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். இன்ஷூரன்ஸ்காரரிடமும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அதற்குக் கன்ட்ரோலர் கிடையாது.

சரி, மேனுவலா எலக்ட்ரானிக்கா? கார் கண்காட்சிக்கு எலக்ட்ரானிக். பொறுமையும், காற்று எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டரும், ட்யூனரும் இருந்தால் எலக்ட்ரானிக். அதில் ஒரு நல்ல குணத்தை நான் மறுக்க மாட்டேன். முறையாகப் பொருத்தியிருந்தால், வயர் அறுந்து மின்சாரம் போனதும் சொலினாய்டு குறுக்கிடுவதை நிறுத்திவிடும்; பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கே இறங்கும். மின்சாரம் போனால் உண்மை பேசும் ஒரே பொய்யன். ஆனால் எந்த ரகமானாலும் ஆக்சுவேட்டரிலிருந்து ட்யூப் கழன்றால் காவல்காரர் செவிடாகிவிடுவார், பூஸ்ட் வானத்துக்குப் போகும். ஆகவே கிளிப் போடுங்கள். இந்த வழிகாட்டியில் விளையாட்டில்லாத வரி இது ஒன்றுதான்.

என் ஓட்டு குண்டு வைத்த மேனுவலுக்கு. காரணம் விலையல்ல, டர்போ சட்டென்று எழும்புவதும் அல்ல. அதன் திருகு பானெட்டுக்குள் இருக்கிறது. சிலர் நீளமான ட்யூப் போட்டு அதை டாஷ்போர்டுக்கு இழுத்து வருவார்கள். அதைச் செய்யாதீர்கள். ட்யூப் நீண்டால் காவல்காரருக்குச் சேதி தாமதமாகப் போகும் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

திருகை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாம் கியரில் ஓட்டிப் பார்த்து, மீட்டரைப் படித்து, கால் சுற்று, அரைச் சுற்று என்று ஏற்றி, லாக் நட்டை இறுக்கி வீட்டுக்கு வாருங்கள். இரவு பதினொரு மணிக்கு, இன்னும் அரைச் சுற்று வைத்திருக்கலாமே என்று கட்டாயம் தோன்றும். டார்ச்சையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவீர்கள். பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடிக்கும். டர்போ பக்கத்தில் கையை விட்டு, “ஸ்ஸ்” என்று இழுத்துக்கொண்டு, விரலை வாயில் வைத்தபடி மாடிக்கு ஏறிப் படுத்துவிடுவீர்கள். எலக்ட்ரானிக் வாங்கியவர் அந்நேரம் இன்னும் பைபாஸில்தான் இருப்பார். பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.