காலண்டர் தாள் எஸ்டிமேட்

1986-ல் ராயப்பேட்டை சந்து ஒன்றில் எங்கள் அம்பாசடரைப் பார்த்துக்கொண்ட பாய், எஸ்டிமேட்டை முந்தின நாள் கிழித்த காலண்டர் தாளின் முதுகில்தான் எழுதுவார். ஆயில் கடைக்காரர் கொடுத்த காலண்டர். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் எங்கள் செலவு. இரண்டும் ஒன்றுதான் என்பார் அப்பா.

வண்டி 1974 மாடல், மார்க் 2. எங்களுக்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு வந்தது. ஜெமினி மேம்பாலம் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். பாய் வண்டியை ஓட்டிப் பார்க்கமாட்டார். பானெட்டைத் திறந்து, என்னை ரேஸ் கொடுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கார்பன் அடைச்சிருக்கு சார். ஹெட்டை இறக்கணும்." தாளில் இரண்டே வரி: டீகார்ப், வால்வு கிரைண்டிங், கூலி 450. கேஸ்கெட் செட், நீங்க வாங்கித் தரணும்.

அப்பா வங்கி அதிகாரி. ஊருக்கெல்லாம் கடன் விண்ணப்பத்தைச் சலித்துப் பார்ப்பவர், 450 என்ற எண்ணை அப்படியே விழுங்குவாரா? "350" என்பார். பாய் வேலையே வேண்டாம் என்பதுபோல் ஸ்பேனரைத் துடைப்பார். அப்பா கார் சாவியைச் சட்டைப்பைக்குள் போடுவார். கடைசியில் பாய், "சரி சார், உங்களுக்காக" என்பார். அந்த 'உங்களுக்காக'வை வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவிடம் நாலு நாள் காட்டுவார் அப்பா.

சாமான் வாங்க ஜி.பி. ரோடு. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்ற முழுப்பெயரைத் தபால்காரர் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடைக்காரர் நிமிராமலே கேட்பார்: "கம்பெனியா, லோக்கலா?" பழைய வண்டியைப் பிரித்தெடுத்த பாகமே போதும் என்றால் புதுப்பேட்டை. அப்பா கம்பெனி சாமான் ஆள். மெக்கானிக் கையில் காசைக் கொடுத்தால் கமிஷன் அடிப்பான் என்பதால் தானே நேரில் போய், எப்போதும் போகிற அதே கடையில் வாங்குவார்.

மறுநாள் ஹெட் இறங்கியிருக்கும். பிஸ்டன் தலையில் அடுப்புக்கரிபோல் படிந்திருந்ததை பாயின் பையன் சுரண்டிக்கொண்டிருப்பான். வால்வு கிரைண்டிங்கை மட்டும் பாய் யாரிடமும் விடமாட்டார். வால்வின் ஓரத்தில் பேஸ்டைத் தடவி, தலையில் ரப்பர் கப் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவதுபோல் உருட்டுவார். கரகர என்ற சத்தம் மெதுவாகச் சன்னமாகி வரும். எட்டு வால்வுக்கும் இப்படி. முடிந்ததும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது ஒரு சொட்டு கசிந்திருந்தாலும் அந்த வால்வுக்கு மறுபடியும் கடைசல்.

வண்டி எடுக்கப் போகும்போது டிக்கியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருக்கும். பழைய கேஸ்கெட், தேய்ந்த புஷ், கழற்றிய பிளக் நாலும். "பழசெல்லாம் வெச்சிருக்கேன் சார்." அதை அப்பா வீட்டில் பிரித்து, விரலால் தடவி, மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் போடுவார். எதற்கு என்று அம்மா கேட்டால் பதில் வராது.

கல்லூரி முடித்த வருடம் பாயிடம் கேட்டேன், அப்பாவிடம் அவருக்கு நஷ்டம்தானே என்று. பாய் சிரித்தார். "உங்கப்பா நூறு குறைக்காம போவமாட்டாரு தம்பி. முன்னூத்தம்பது ரூபா வேலைக்கு நானூத்தம்பதுன்னு எழுதினாத்தான் அவருக்கும் தூக்கம் வரும், எனக்கும் கூலி வரும்." ஜி.பி. ரோடு கடை? "அந்தக் கடைக்காரர் மாசக் கடைசியில நமக்கு டீச்செலவுக்குக் குடுத்துடுவாரு." இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஆயுளில் எத்தனை வெற்றிதான் சம்பாதிக்கிறார்!

இப்போது என்னிடம் இருப்பது எட்டு வயதான ஹேட்ச்பேக், 70,000 கிலோமீட்டர். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏ.சி. அறை, காபி எந்திரம். பட்டறை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். ரேஸ் கொடுக்கச் சொல்லிக் கண்ணை மூடுபவர் யாரும் இல்லை. சட்டையை இன் பண்ணிய இளைஞர், சர்வீஸ் அட்வைசர், ஒரு டேப்லெட்டை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். கோழி கிளறியதுபோல் ஒரு கையெழுத்து விழுந்தது. ஒரு மணி நேரத்தில் வாட்ஸாப்பில் எஸ்டிமேட் வந்தது. பதினேழு வரி, ஜி.எஸ்.டி. உள்பட 20,650 ரூபாய். கீழே பச்சைப் பொத்தான்: 'அப்ரூவ்'.

நான் அப்பாவைப்போல் வாயை நம்பி வந்தவன் இல்லை, படித்துவிட்டு வந்திருந்தேன். எத்தனையாவது கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேட்டிலேயே அட்டவணை இருக்கிறது. பாகத்தின் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது. கூலி என்பது இத்தனை மணி நேரம், மணிக்கு இவ்வளவு என்ற பெருக்கல் கணக்கு. கிளட்ச் மாற்றினால் பில் வீங்குவதற்குப் பிளேட்டைப்போலவே கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் நேரமும் காரணம். மூன்று இடத்தில் விலை கேட்டாலும், மூன்று பேரும் சொல்வது ஒரே வேலைக்கும் ஒரே தரச் சாமானுக்கும்தானா என்று பார்க்காவிட்டால் ஒப்பிட்டுப் பயனில்லை. பொதுவிஷயமும் படித்திருந்தேன்: கம்பெனி உதிரிபாகம் வெளிச்சந்தைக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தாராளமாகக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றில் சில மேல்முறையீட்டுக்குப் போயின. நூறு ரூபாய் கூட்டி எழுதிய பாய் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் காலண்டரைக் கீழே போட்டிருப்பார்.

பட்டியலில் ஒரு வரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தது: டீகார்பனைசிங், 2,200 ரூபாய்.

"தம்பி, ஹெட்டை இறக்குவீங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். ஒரு கெமிக்கல் விடுவோம். நாப்பது நிமிஷம்."

கையேட்டு அட்டவணையில் அப்படி ஒரு வேலையே இல்லை என்றேன். அட்வைசர் சண்டைக்கே வரவில்லை. விரலால் ஒரு தட்டு, வரி மறைந்தது. எனக்கு உற்சாகம் ஏறியது. ஏ.சி. கிருமிநீக்கம் 900, போயிற்று. த்ராட்டில் பாடி சுத்தம் 850, போயிற்று. அடிப்பாகப் பூச்சு 3,400, அதுவும். பிரேக் பேட் வந்தது. "தேய்ஞ்சிடுச்சு சார்." எத்தனை மில்லிமீட்டர் என்றேன். முதல் முறையாகத் தம்பி முழித்தார். உள்ளே போய்க் கேட்டு வந்து, "ஆறு இருக்கு சார்" என்றார். புதிதில் பத்து, பன்னிரண்டு இருக்கும். மூன்றை நெருங்கும்போது மாற்றினால் போதும். பேடும் அதன் கூலியும் 3,500, டிஸ்க் கடைசல் 1,600, இரண்டும் போயின. கடைசியில் நின்றது 8,200.

கிளம்பும்போது தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கம்பெனியிலருந்து ஃபோன் வரும் சார். பத்துக்குப் பத்து குடுங்க. ஒன்பதுன்னாலும் எங்களுக்குப் பிரச்சினை." கொடுத்தேன். எவ்வளவு எளிதாக வரிகளை அழித்தார் என்பது மட்டும் வழியெல்லாம் லேசாக உறுத்தியது. ஸ்பேனரைத் துடைப்பதற்கு இப்போது டேப்லெட்டைத் தட்டுவது என்று பெயரோ?

அப்பாவுக்கு இப்போது 86 வயது. 12,450 ரூபாய் மிச்சம் பிடித்த கதையை வரி வரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெட்டினதெல்லாம் சரிடா. வெட்டாததுக்கு 8,200 குடுத்தியே, பழைய ஆயில் ஃபில்டரைக் காட்டினானா?"

"இப்பல்லாம் அப்படிக் காட்டறதில்லப்பா."

"அப்போ மாத்தினான்னு எப்படித் தெரியும்?"

தகரப் பெட்டி எதற்கு என்ற அம்மாவின் கேள்விக்கு நாற்பது வருடம் கழித்து எனக்குப் பதில் கிடைத்தது. நூறு ரூபாயில் ஏமாந்தவர், சாமானில் ஏமாறவே இல்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்கு ஃபோன் போட்டேன். "பழசெல்லாம் ஸ்க்ராப்புக்குப் போயிருக்கும் சார். வேணும்னா முன்னாடியே சொல்லணும். ஜாப் கார்டுல இருக்கு பாருங்க."

இருந்தது. வாட்ஸாப்பில் வந்த ஜாப் கார்டின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்: 'மாற்றிய பழைய பாகங்கள் தேவையா?' எதிரே 'வேண்டாம்' கட்டத்தில் ஒரு டிக். அதற்குக் கீழே, கோழி கிளறியதுபோல், என் கையெழுத்து.