எட்டாயிரம் கெல்வின்காரர்

வண்டிக்கு வயது இருபதுக்கு மேல். கதவை ஓங்கிச் சாத்தினால் கண்ணாடி தானாக ஓர் அங்குலம் இறங்கும். ஏசி போட்டால் சத்தம் மட்டும் வரும். பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தவர் இறங்க வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது திறந்துவிட வேண்டும். இதிலெல்லாம் இவருக்கு ஒரு குறையும் தெரியாது. "வண்டி கல்லு மாதிரி இருக்கு தம்பி. ஹெட்லைட்டுதான் பத்தல" என்பார்.

எங்கள் தெருவில் இருப்பவரிடம் மாருதி 800. உங்கள் தெருக்காரர் எஸ்டீமோ அம்பாசிடரோ வைத்திருக்கலாம். வியாதி ஒன்றுதான்.

நம்மவர் கார் சாமான் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய் எச்.ஐ.டி. கிட், அதாவது செனான் விளக்கு செட், வாங்கிவந்தார். கடையில் 4300, 6000, 8000 என்று மூன்று டப்பாக்களை எடுத்து முன்னால் வைத்தார்களாம். மூன்றுக்கும் ஒரே விலை. அப்படியிருக்க, சின்ன நம்பரை எவனாவது வாங்குவானா? கெல்வின் என்பது நிறத்தின் கணக்கு சார், வெளிச்சத்தின் கணக்கு லூமன், கார் கம்பெனிக்காரன் தானே வைத்து அனுப்பும் செனான் பல்பு 4300 பக்கம்தான் இருக்கும், அதற்கு மேலே போகப்போக நீலம் ஏறும், வெளிச்சம் இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். "10000 கேட்டேன் தம்பி, ஸ்டாக் இல்லன்னுட்டான்" என்றார்.

மாட்டிய எலெக்ட்ரீஷியன் நியாயமான ஆள். ஹெட்லைட் டூமைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது வேணாம். உள்ள வெள்ளி முலாம் மங்கிப்போச்சு, டூமை மாத்துங்க. ரெண்டு ரிலே வச்சு பேட்டரியிலேர்ந்து தடி வயரா இழுத்துத் தரேன், பழைய பல்பே பிரமாதமா எரியும்" என்று சொன்னார். உண்மைதான். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கான கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சு வரை போய்த் திரும்புகிறது. மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விட்சு, துருப்பிடித்த எர்த்து என்று வழியெல்லாம் சேதாரம். பல்புக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் முப்பது சதவீதம் காலி. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இவர் ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தைப் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்:

"ரிலேவ யாருக்குத் தம்பி காட்டறது?"

காட்டுவதற்குத்தான் எதிர்வீட்டுச் சுவர் இருக்கிறது. எதிர்வீடு என்னுடையது.

சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி கேட்டைத் தாண்டி வெளியே வரும். எங்கும் போகாது. மூக்கை என் காம்பவுண்டுச் சுவருக்கு நேராகத் திருப்பிக்கொண்டு நிற்கும். முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் புது பல்பு மாட்டி, மறுபக்கம் பழையதை அப்படியே விட்டுவைத்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா! "இடது பழசு, வலது புதுசு. பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டு ஸ்விட்சைத் திருகுவார். முதலில் வெடுக்கென்று ஒரு நீல மின்னல் வெட்டு. அப்புறம் மங்கும். அப்புறம் மெல்ல மெல்ல ஏறும். அந்தச் சில வினாடிகளும் நாம் பேசக்கூடாது. "வார்ம் அப் ஆகுது" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். முழுசாக ஏறியதும் விளக்கம் ஆரம்பிக்கும். உள்ளே ஃபிலமெண்டே கிடையாது, ரெண்டு கம்பி முனைக்கு நடுவில் செனான் வாயுவுக்குள் ஓடுவது மின்னல், அதைக் கிளப்ப பேலஸ்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் அடிக்கிறது, கிளம்பியபின் 35 வாட்டுதான் குடிக்கும். இவ்வளவும் சரியாகவே சொல்வார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால்தான் தெரியாது.

இஸ்திரி வண்டிக்காரர், கீரைக்காரம்மா, பார்சல் கொண்டுவரும் பையன், வீடு மாறிப் பார்சல் வாங்க வந்தவர், எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தாயிற்று. "எப்படி இருக்கு?" என்பார். நல்லா இருக்கு என்றால் மார்க் குறைவு. கண்ணுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தால்தான் பாஸ். சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அதைப் பன்னிரண்டடி தூரத்திலிருந்து உரக்கப் படித்துக்காட்டி, "ஒவ்வொரு எழுத்தும் தெரியுது பாருங்க!" என்று புளகாங்கிதம் அடைவார். சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. இப்போது அதைக் காணோம்.

ஒரு நல்ல ஹெட்லைட்டைச் சுவருக்கு முன்னால் டிம்மில் நிறுத்தினால் ஒரு மட்டத்துக்கு மேலே இருட்டாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் எச்4 பல்புக்குள்ளே டிம் ஃபிலமெண்டின் அடியில் வளைந்த சின்னத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த ஃபிலமெண்ட் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்காகவே கணக்குப்போட்டு டூமைச் செய்கிறார்கள். அதில் வேறு இடத்திலிருந்து எரியும் ஒரு சாமானைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். இவருடைய டிம் என் சுவரைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி, முதல் மாடிக் கொடியில் காயும் வேட்டி வரை போகிறது. அதைத்தான் பெரிய பிளஸ் பாயிண்டாகச் சொல்கிறார். "மாடி வரைக்கும் அடிக்குது தம்பி!" மாடியில் யார் சார் கார் ஓட்டப்போகிறார்கள்?

சுவரில் தெரிவது ரோட்டில் தெரியாது. பம்பருக்கு முன்னால் பத்தடி பளீரென்று இருந்தால் கண் அதற்குப் பழகிக்கொண்டு தூரத்தில் இருப்பதைக் கோட்டைவிடும். மழை வந்தாலோ கேட்கவே வேண்டாம். ஈரத் தாரில் விழும் 8000 கெல்வின் எங்கே போகிறதென்றே தெரியாது. முப்பதில் உருட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கில் மூக்கு இடிக்க எட்டிப் பார்த்துக்கொண்டு, "ரோடு சரியில்ல" என்பார்.

இதுவரை சிரித்தாயிற்று. ஒரு கல்யாணத்துக்காக அவரோடு தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு ராத்திரியில் போனேன். வடுவூர் தாண்டி, ஒரு பக்கம் வாய்க்கால். எதிரே ஒருவர் டிவிஎஸ் 50-இல் பின்னால் மனைவியையும் முன்னால் ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வெளிச்சம் பட்டதும் ஒரு கையை எடுத்து முகத்தை மறைத்தார். வண்டி ஆடியது. தார் விளிம்புக்கு ஒதுங்கி, வாய்க்கால் பக்கமாகக் காலை ஊன்றி நின்றுவிட்டார். அந்தம்மா புடவைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். நம்மவர் சொன்னார்: "பாத்தீங்களா, வண்டிய பாத்ததும் ஒதுங்கறான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? எதிரே வருகிறவனும் போட்டுக்கொண்டுதானே வருகிறான் என்பது இவருடைய நிரந்தர சமாதானம். எதிரே வருகிறவனும் இதையே சொல்கிறான். நடுவில் மாட்டுவது மொபெட்காரரும் சைக்கிள்காரரும். எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது என்றுதான் ஐரோப்பாவில் 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்கு வைத்தால், பின்னால் பாரம் ஏறி மூக்கு தூக்கும்போது வெளிச்சத்தைத் தானாகத் தாழ்த்தும் ஏற்பாடும் ஹெட்லைட்டைக் கழுவும் ஏற்பாடும் கட்டாயம். கண்ணாடியில் படியும் தூசிகூட வெளிச்சத்தைச் சிதறடித்து எதிராளியின் கண்ணில் இறைக்கும் என்று அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். இந்த வண்டியிலோ பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஹெட்லைட் நட்சத்திரம் பார்க்கும். கழுவுவது ஆயுதபூஜைக்கு. ஒரு தடவை டிராஃபிக் போலீஸ் நிறுத்தி, இரண்டு விளக்கின் நடுவிலும் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "கண்ணு படக்கூடாதுல்ல, திருஷ்டிப் பொட்டு" என்றார்.

மனுஷர் நல்லவர், அதுதான் தொல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி ஆஸ்பத்திரி என்றால் ஏன் என்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்தபோது, தெருவை அடைத்து விழுந்திருந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு நேராக வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கிளையை அறுத்து முடிக்கும்வரை வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார். மேலே, கீழே, இலை இடுக்கு என்று ஒரு மூலை பாக்கியில்லாமல் தெரிந்தது. ரம்பம் பிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு முறையாவது நிமிர்ந்து, "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

போன மழையில் ஒரு பேலஸ்ட்டுக்குள் தண்ணீர் இறங்கி வலது கண் அவிந்தது. ஒற்றைக் கண்ணோடு சில நாள் ஓட்டினார். எதிரே வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி வந்து திட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் எங்கிருந்தோ புரொஜெக்டர் செட் ஒன்றைப் பிடித்துவந்து டூமைப் பிளந்து மாட்டச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். புரொஜெக்டரில் வெளிச்சத்தை வெட்ட ஒரு தகடு உண்டு. சுவரில் நேர்க்கோடு விழும், கோட்டுக்கு மேலே இருட்டு. சொன்னபடியே விழுந்தது. என் முருங்கை மரம் ரொம்ப நாளுக்குப் பிறகு இருட்டில் நின்றது. மாடிக் கொடியில் வேட்டி காய்கிறதா என்றே தெரியவில்லை.

அவர் சுவரையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"கோட்டுக்கு மேல ஒண்ணுமே இல்லையே தம்பி. பாதி லைட்டு வேஸ்ட்" என்றவர், எலெக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினார். "ஃபோகஸை நல்லா மேல தூக்கி வைப்பா."