முள்ளுக் குத்துதல் முதலிய கலைகளைக் கோடை விடுமுறையில் கற்பித்தல்: குறிஞ்சித் திணையில் எழும் சில ஐயங்கள்

முதற் சிக்கல் பருவத்தில். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்துவிட்டு, வேனிலைப் பாலைக்கு ஒதுக்கினார். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். தை, மாசி விடியலில் புல்லின் மேல் உறைபனி. இப்படிப்பட்ட ஊரில் 'கோடைகால வீட்டுத்தோட்டப் பயிற்சி' என்று பதாகை கட்டுவதை உரையாசிரியர்கள் திணை மயக்கம் என்று சொல்லி மன்னிக்கக்கூடும். பதாகை கட்டியவர்களுக்கும் நியாயம் உண்டு. ஏப்ரலில்தான் பாடசாலைக்கு விடுமுறை. கொழும்புக்காரர்கள் குளிர் தேடி வருகிற சீசனும் அப்போதுதான். அதை விட்டால் மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பிறகு கையேட்டை விரிக்கவும் முடியாது.

இத்துறையில் முன்னோர் முயற்சிகள் ஊக்கம் தருவனவாக இல்லை. 1840களின் இறுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பண்ணையாட்கள், கால்நடைகள், கருவிகள் எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடப் பார்த்தார். உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸை மரையும் பன்றியும் தின்றன. அவரே எழுதிவைத்திருப்பதால் இதைப் பரீட்சைப் பெறுபேறாகக் கொள்வதில் தடையில்லை. 1861இல் ஹக்கலயில் அரசாங்கம் தோட்டம் போட்டது சிங்கோனாவுக்காக, அதாவது காய்ச்சல் மருந்துக்காக. பிறகு அது பூங்காவாக மாறிவிட்டது. பாடத்திட்டத்தை நடுவழியில் மாற்றும் வழக்கம் கல்வி அமைச்சுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

இனிக் களஆய்வு. பாடசாலை மண்டபம், மூன்று நாள், பகலுணவு இலவசம். பயிற்றுநர் நகரத்திலிருந்து வந்த இளைஞர். நல்ல பிள்ளை, குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். மண்வெட்டியைப் பிடிக்கும் விதத்தைத் திரையில் படம் படமாகக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறியும் வடிகாலுக்குக் கான் வெட்டியும் தேயிலை மலையில் ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்றவர்கள். மிகுந்த மரியாதையுடன் கவனித்தார்கள். சிலர் குறிப்பும் எடுத்தார்கள்.

இரண்டாம் நாள் ரோசாச் செடியைக் கவ்வாத்து வெட்டும் பாடம். மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும் என்று பயிற்றுநர் விளக்கி, முன்வரிசைத் தாத்தா ஒருவரிடம் கத்தரிக்கோலை நீட்டினார்.

"தாத்தா, ஏன் சாய்வா வெட்டச் சொல்றேன் தெரியுங்களா?"

"தண்ணி நின்னா அழுகிப் போகுங்க சேர்," என்றவர் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்குங்க? கத்தி இல்லீங்களா?"

இங்கே காலக் கணக்கு ஒன்று இடிக்கிறது. மலைநாட்டில் ஒரு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். தான் போட்ட வெட்டின் பலனை அதே செடியில் பார்த்து, அடுத்த வெட்டில் திருத்திக்கொள்ள அத்தனை காலம் காத்திருக்க வேண்டும். இந்த வேகத்தில் படித்தவரை மூன்று நாள் பாடத்தில் உட்கார வைத்து, முடிவில் சான்றிதழும் கொடுத்தால் யார் யாரைப் பரீட்சித்தார்கள் என்பது மேலாய்வுக்குரியது. (சான்றிதழில் பெயரைப் பிழையின்றி எழுதியிருந்தார்கள். அதையும் பதிவு செய்வது ஆய்வாளனின் கடமை.)

ஆனாலும் பயிற்சி வீண் என்று எழுதிவிட மனமில்லை. மூன்றாம் நாள் காலையில் பயிற்றுநர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு காகிதத் துண்டை நனைத்து, நிறம் மாறுவதைக் காட்டினார். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். காரஅமிலச் சுட்டெண் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அது செழிக்கும். கோவாவும் பீற்றூட்டும் அப்படியல்ல. அவற்றுக்கு 6க்கு மேலே வேண்டும். தேயிலை மலையை ஒட்டிய லயத்து வரிசைவீட்டு வாசலில் சாணியைக் கொட்டிக் கொட்டியும் கோவா ஏன் உருளாமல் நிற்கிறது, வேர் ஏன் கட்டி கட்டியாக வீங்குகிறது என்ற பழைய வழக்கு அந்தக் காகிதத்தில் பாதி தீர்ந்தது. டொலமைட் போடுங்கள் என்றார் பயிற்றுநர். மண்டபம் முதன்முறையாகச் சத்தம் போட்டது. எத்தனை கிலோ, எப்போது, நடுவதற்கு எத்தனை நாள் முன்னால், விலை என்ன? பின்வரிசை அப்பாயி ஒருவர் அந்தக் காகிதத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். என் மதிப்பீட்டில் பயிற்சியின் உண்மையான நீளம் அந்த முக்கால் மணி நேரம்தான். மற்றதெல்லாம் தேநீர் இடைவேளை.

எஞ்சியது ஒரே ஒரு விண்ணப்பப் படிவம். கற்ற கலையை எங்கே செய்யப்போகிறீர்கள் என்று அது கேட்டது: காணியின் பரப்பு, உரிமையாளர் பெயர், உறுதி இலக்கம். புதிய வீட்டுத்திட்டத்தில் ஏழு பேர்ச் கிடைத்த சிலர் 177 சதுர மீற்றர் என்று கணக்குப் பார்த்து, வீடு நிற்கும் இடத்தைக் கழித்து எழுதினார்கள். மற்றவர்களின் பேனா அசையவில்லை. கவ்வாத்துத் தாத்தா மட்டும் எழுந்து கேட்டார்.

"சேர், நான் வெட்டுன மலைய எழுதவா, இல்ல எங்கப்பா நட்ட மலைய எழுதவா?"

கையேட்டைப் புரட்டிப் பார்த்த பயிற்றுநர், வாசலை எழுதுங்கள் என்றார். தாத்தாவின் படிவத்தில் பரப்பு 'நாலு எட்டு' என்று பதிவானது. உரிமையாளர் என்ற இடத்தில் தோட்டக் கம்பனியின் பெயரை எழுதி, கையெழுத்தைத் தன்னுடையதாகப் போட்டிருந்தார்.