தாலிக்குக் கட்டம் இல்லை

கால்வாய்க்கரையில் கணக்கெடுக்க வந்தவர் கேட்டார்: "ரேஷன் கார்டு யார் பேர்ல?"

"மாமனார் பேர்ல சார். எங்களுக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு."

"அப்ப ஒரே குடும்பம்."

முடிந்தது. படிவத்தில் தாலிக்குக் கட்டம் இல்லை.

சென்னையில் வீடு இடிபட்ட எத்தனையோ புதுஜோடிகளின் கதை இது. குறுக்கே புடவை கட்டாத ஓர் அறை வேண்டும். அந்தச் சின்னஞ்சிறுசுகளின் பேராசை அவ்வளவுதான். அரசு கருணையோடு பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றியது. மாமனார், மாமியார், கொழுந்தன், இவர்கள் இருவர். ஒரே வீடு, நடுவில் அதே புடவை. மாடி மட்டும்தான் உயர்ந்திருக்கிறது.

ஏன் இடித்தார்களாம்? நீர்நிலை ஆக்கிரமிப்பு! பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டவர்கள் சொல்கிறார்கள். சரி, ஆக்கிரமிப்பாளர்களைக் கொண்டுபோய் வைத்த இடம்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்திலேயே குடிவைக்கும் திறமை வேறு எந்த அரசுக்கு வரும்!

அவனுக்குப் பாரிமுனையில் மூட்டை தூக்கும் வேலை. விடியுமுன் போனால் கடைசி பஸ்ஸில் வருவான். மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்ப்பவள் அவள். 2021 முதல் அவளுக்கு டவுன் பஸ் இலவசம். பஸ்ஸில் கரையும் வாழ்க்கை மட்டும் கைக்காசு. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், அவனுக்கு லோடு வராவிட்டால்.

இந்த வீடுகளைக் கட்டியது 1970-இல் பிறந்த குடிசை மாற்று வாரியம்; அது 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பது அதன் முழக்கம். ஆத்திகரோ நாத்திகரோ, யார் ஆண்டாலும் இறைவனுக்கு ஊருக்கு வெளியேதான் ஒதுக்கீடு.

இந்த வகைக் குடியிருப்புகளில் மூத்தவற்றில் ஒன்று துரைப்பாக்கத்துக் கண்ணகி நகர். பெயர் வைத்தவர் சிலப்பதிகாரம் கற்றவராகத்தான் இருக்கவேண்டும். பிழைக்க ஊர்விட்டுப் போன இளம் தம்பதி, போன இடத்தில் அரசு செய்த கொலை; இதைவிடப் பொருத்தமாக யாரால் பெயர் வைக்க முடியும்?

2001-இல் மெரினாவிலிருந்து கண்ணகி சிலையை அகற்றியபோது தமிழ் மானம் கொதித்தது. 2006-இல் சிலை அதே கடற்கரைக்குத் திரும்பிவிட்டது. ரத்தமும் சதையுமான கண்ணகிகளுக்காக எந்த மேடை அதிர்ந்தது? அரசவையில் உடைத்துக் காட்ட இவர்களிடம் சிலம்பு ஏது? இருந்ததெல்லாம் அடகுக் கடையில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.