மண்ணுக்கு எந்த ஊருன்னு கேட்டியாலே?

லேய், கையில என்ன, கலர் படமா? ஓரமெல்லாம் பச்சை, உள்ள மஞ்சள், நடுவுல ரத்தச் செவப்புல ஒரு வட்டம். மண்ணு ரிசல்ட் வந்துட்டு, ராதாபுரத்துக்கு அடியில பொதையல் கெடக்குன்னு முடிவு கட்டிட்ட. நல்லது. அந்த வட்டத்துக்குள்ள எத்தனை குழியில மண்ணு எடுத்த? ஒண்ணா? ஒத்தைக் குழியைச் சுத்தி வளைச்சு வளைச்சுக் கோடு போடக் கம்ப்யூட்டருக்கு என்ன, கை வலிக்குமா? பக்கத்துக் குழியில என்ன வந்துச்சுன்னு கேக்க வேண்டியவன் நீதான.

12.473 பிபிஎம்முன்னு ராகம் போட்டு வாசிக்க. பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. புள்ளிக்குப் பொறவு மூணு எண்ணம் நின்னா சத்தியவாக்கு ஆயிருமாலே? ஒரே குழி மண்ணை ரெண்டாப் பகுந்து, வேற வேற நம்பர் எழுதி அனுப்பிப் பாரு. ரெண்டும் அண்ணந்தம்பின்னு மிசினுக்குத் தெரியாது. ஒண்ணு 12, ஒண்ணு 19-ன்னு வந்தா அந்தப் புள்ளி நாலு ஏழு மூணை எங்க கொண்டு ஒளிச்சு வைப்ப? தங்கம்னா இன்னும் கூத்து. ஒரு துணுக்கு எந்தப் பையில விழுந்துச்சோ அந்தப் பை கோடீஸ்வரன். மத்ததெல்லாம் ஆண்டி.

அடுத்தால ஒரு கோடு கிழிப்பாவ. எல்லா மண்ணுக்கும் சராசரி போட்டு, அதோட திட்டவிலக்கத்தை ரெண்டு தரம் கூட்டி, அதுக்கு மேல நிக்கதெல்லாம் ‘அசாதாரணம்’ம்பாவ. கேக்க கம்பீரமாத்தான் இருக்கு. ஒண்ணுமே இல்லாத பொட்டல்ல நூறு பை மண்ணு அள்ளு. அங்கயும் ரெண்டு பை அந்தக் கோட்டுக்கு மேல நிக்கும். கணக்கோட பொறவிக் கொணமே அதுதான். கோட்டைக் கிழிச்சவனும் நீ, தாண்டிட்டான் தாண்டிட்டான்னு துள்ளுதவனும் நீ!

இதுல இன்னொரு கோளாறும் உண்டு. பொத்தையடிச் செம்மண்ணு, கொளத்து வண்டல், கடலோர மணல் எல்லாத்தையும் ஒரே அட்டவணையில கொட்டிச் சராசரி எடுத்துருக்க. வண்டல்ல களி சாஸ்தி. களியும் இரும்புத் துருவும் உலோகத்தை இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கும். வெறும் மணல் விட்டுரும். இப்போ சொல்லு, உன் படத்துல செவப்பாத் தெரியுதது தாதுவா, கொளமா?

குட்டம் பக்கம் தேரிக்குப் போயிருக்கியா? செவசெவன்னு கெடக்கும். சினிமாக்காரனுக்கு நல்லாருக்கும். அந்த மணல் அங்கன பொறந்ததில்லலே. காத்து அள்ளிக் கொண்டாந்து குமிச்சது. மேல இரும்புத் துரு படிஞ்சு செவந்து போச்சு. அதுல ஒரு முழம் தோண்டி, அடியில பாறையில என்ன இருக்குன்னு கேக்கது, வாடகைக்கு வந்தவன்கிட்ட வீட்டு மூலப்பத்திரம் கேட்ட கதை. அவன் பாவம், என்னத்தச் சொல்லுவான்? மணல்ல ஒண்ணும் வரலன்னா அடியிலயும் ஒண்ணும் இல்லன்னு எழுதிராத. மணல்ல ஏதோ வந்துட்டுன்னா அடியில இருக்குன்னும் எழுதிராத. பாறை உக்கி அங்கனயே கெடக்க மண்ணா, வந்தேறி மண்ணான்னு மொதல்ல பிரி. நம்பர் எல்லாம் அதுக்குப் பொறவு.

அங்கனயே உக்குன மண்ணுகூட இருந்த எடத்துல இருக்காது. பொத்தைச் சரிவுல மழைக்கு மழை கீழ எறங்கும். செம்பு கூடுதலா வந்த எடத்துலயே நின்னு தோண்டாத, மேட்டை அண்ணாந்து பாரு.

நம்பியாத்துத் தண்ணி பாயுத வயல்ல துத்தநாகம் எக்கச்சக்கம்னு வருதுன்னு வையி. ஜேசிபிக்குப் போன் போடதுக்கு முந்தி வயக்காரரைக் கூப்பிடு. “அண்ணாச்சி, போன பூவுக்கு ஜிங்க் சல்பேட் போட்டியளா?”ன்னு பைய கேளு. “ஏக்கருக்குப் பத்து கிலோ போட்டேன் தம்பி”ம்பாரு. உரக்கடை பில்லைப் பாத்தா முடியுத சோலிக்கு நீ பெங்களூருக்கு மண்ணு அனுப்பிருக்க.

மண்ணை ஒழுங்கா வாசிச்சவர் ஒருத்தரைச் சொல்லுதேன். ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர். 1909-ல, திருவிதாங்கூர்ல இருந்து கப்பலேறிப் போன தென்னங்கயித்துல ஒட்டிக் கெடந்த மணலை உத்துப் பாத்தாரு. மோனசைட்டு! உள்ள தோரியம். அந்தக் காலத்துல காஸ் லைட்டு மேண்டிலுக்கு அது இல்லாம ஆகாது, அம்புட்டு கிராக்கி. நீயா இருந்தா ‘கயித்துக் குடோன்ல சுரங்கம்’னு அன்னைக்கே ஒரு செவப்பு வட்டம் போட்டுருப்ப. அந்த மனுசன் கயிறு எந்தக் கரையில கெடந்த கயிறுன்னு கேட்டாரு. கேட்டுக் கேட்டு மணவாளக்குறிச்சியில வந்து முடிஞ்சுது. இன்னைக்கும் அங்க மத்திய அரசு ஆலை ஓடுது.

நம்ம கரையிலயும் அந்தச் சரக்கு உண்டு. இல்மனைட்டு கருப்பு, கார்னெட்டு செவப்பு. 2013-ல அரசாங்கம் தாது மணல் அள்ளுதத நிறுத்துனது, கமிட்டி, கோர்ட்டு எல்லாம் ஊரறிஞ்ச கதை, அது கெடக்கட்டும். மண்ணு எடுக்கவனுக்கு ஒண்ணு சொல்லணும். அலை வந்து லேசான வெள்ளை மணலை இழுத்துட்டுப் போயிரும், கனமானதை விட்டுட்டுப் போயிரும். அதான் கரையில கருப்பா வரி வரியாத் தெரியுது. அந்த வரியில ஒரு கை அள்ளிட்டு வந்து நூத்துக்கு எம்பது இல்மனைட்டுன்னு குதிச்சா? நாலு விரக்கடை தோண்டு, வெள்ளை மணல் பல்லக் காட்டும். அடுத்த பருவத்துக் கடலு அந்த வரியையும் அழிச்சு வேற எடத்துல போடும். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்னு துளை போட்டுப் பாக்காம டன் கணக்கு எழுதுதவன் வயித்துப் பொழப்புக்கு எழுதுதான்.

திசையன்விளை பக்கம் ஆயன்குளத்துக் கெணறு தெரியும்லா? 2021 மழையில வெள்ளத்தை அதுக்குள்ள திருப்பி விட்டாவ. நாள் கணக்காக் குடிச்சும் நெறையல. சென்னை ஐஐடிக்காரங்க வந்து பாத்து, அடியில சுண்ணாம்புப் பாறையைத் தண்ணி அரிச்சுக் குகை குகையாப் போகுதுன்னு சொன்னாவ. உன் அட்டவணையில சுண்ணாம்புச் சத்து எத்தனைன்னு இருக்கும். ஓட்டை எத்தனைன்னு எந்தக் கட்டத்துல இருக்கு?

சரி, மொகத்தைத் தொங்கப் போடாத. உன் வட்டம் பொய்யின்னு நான் சொல்லல. நாளைக்கு வெயிலுக்கு முந்திக் கெளம்பு. அந்தக் குழியைச் சுத்தி நாலு பக்கமும் நெருக்கி நெருக்கி மண்ணு எடு. மேல் மண்ணைத் தள்ளிட்டு, எல்லாக் குழியிலயும் ஒரே அடுக்குல எடு. கையில மோதிரம் இருந்தா கழத்தி வையி. சரிவா, வயலா, கொளமா, தேரியான்னு ஒவ்வொரு பைக்கும் நோட்டுல எழுது. பத்துக்கு ஒண்ணு ரெட்டைப் பை போடு. மொதலாளி ரிப்போர்ட்டு எங்கன்னு பறந்தா என்னயச் சொல்லு. “அந்தக் கெழவன் ஒரு கோட்டி”ம்பான். சொல்லிட்டுப் போறான். துளை போட அவன் துட்டுதான போவுது?