ஒன்றும் ஆகாத வரைக்கும் செல்லும்

அனுப்புநர்:
இரண்டாம் உரிமையாளர்,
2018 மாடல் வெள்ளை நிறக் கார்,
தாம்பரம்.

பெறுநர்:
வாரண்டிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
பழைய கார்களுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி விற்கும் நிறுவனம்,
சென்னை.

பொருள்: தங்கள் வாரண்டிக்குள் அடங்கும் பழுது ஏதேனும் ஒன்றைத் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் 200 அம்சச் சோதனை அறிக்கை. 2. தங்கள் நிராகரிப்பு மின்னஞ்சல்.

ஐயா,

தாங்கள் அனுப்பிய நிராகரிப்பு மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றேன். 'எங்கள் குடும்பத்தில் ஒருவரான தங்களுக்கு' என்று தொடங்கி, 'தங்கள் பயணங்கள் இனிதே தொடரட்டும்' என்று முடிந்திருந்தது. குடும்பத்தில் ஒருவன் என்றதுமே, காசு பெயராது என்பது புரிந்துவிட்டது. பயணத்தைப் பொறுத்தவரை, வண்டி தங்கள் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. ஆகவே பயணம் ஷேர் ஆட்டோவில் இனிதே தொடர்கிறது.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். விற்பனையில் உங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் காலத்தில் செகண்ட்ஸ் வண்டி வாங்குவது என்றால் ஒரு புரோக்கர், ஒரு டீ, நிறையச் சந்தேகம். 'டாக்டர் ஓட்டின வண்டி சார், ஒரே ஓனர்' என்பார் புரோக்கர். (சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை வைத்துக் கணக்குப் போட்டால், இவ்வூர் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்க்க நேரமில்லாமல் கார் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.) நாம் நம்பமாட்டோம். நம்பமாட்டோம் என்று அவருக்கும் தெரியும். 'உங்க மெக்கானிக்கைக் கூட்டியாந்து பாத்துக்குங்க, கைமாறினப்புறம் என்னைக் கேக்கக் கூடாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அதில் ஒரு நேர்மை இருந்தது.

நீங்கள் அந்தச் சந்தேகத்தை ஒழித்தீர்கள். ஏ.சி. ஷோரூம், டேப்லெட்டில் அறிக்கை, வரிசையாக 200 பச்சை டிக். என் மெக்கானிக்கை அழைத்து வரட்டுமா என்றதற்கு உங்கள் விற்பனைத் தம்பி, 'எதுக்கு சார், எங்க இன்ஜினியர்ஸே 200 பாயின்ட் செக் பண்ணிருக்காங்க. அதுக்கு மேல 6 மாசம் வாரண்டி வேற' என்று சிரித்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தண்ணீரில் நின்ற கார்களெல்லாம் பிறகு யார் தலையில் கட்டப்பட்டன என்ற பயம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உண்டு. அதையும் கேட்டேன். தம்பி கார்பெட்டைத் தூக்கிக் காட்டினார், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். சேற்றுக் கறை இல்லை. வெள்ளம் பார்க்காத வண்டிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஆளுயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்து, கேக் வெட்டச் சொல்லிப் படம் எடுத்தீர்கள். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை படம் எடுக்கவில்லை.

பின்னர் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். பானெட் இடுக்கில் ஆவி. உங்கள் கட்டணமில்லா எண்ணில் புல்லாங்குழல். குழல் ஓய்வதற்குள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்துவிட்டார். வெளி ஆள் கை பட்டால் வாரண்டி போய்விடும் என்பது உங்கள் விதியாதலால், அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். டார்ச் அடித்தது நான். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸ், கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் வாய் பிளந்திருந்தது. கிளாம்பைச் சுற்றி வெளிறிய பச்சையில் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. 'இது இன்னைக்கு வந்த லீக் இல்ல சார். கூலன்ட் கசிஞ்சு கசிஞ்சு காஞ்சு உப்பு பூத்திருக்கு பாருங்க. ரொம்ப நாளா ஒழுகுது' என்றார்.

உங்கள் ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார்கள். கேஸ்கட் போயிருந்தது, ஹெட் லேசாக வளைந்திருந்தது, ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தது. இதன்மேல் தாங்கள் எழுதிய தீர்ப்பு, உரையாசிரியர்கள் உட்கார்ந்து உரை எழுத வேண்டியது. ஹோஸ் ரப்பர், ரப்பர் என்றால் தேய்மானம், தேய்மானத்துக்கு வாரண்டி இல்லை. கேஸ்கட் நுகர்பொருள், அதற்கும் இல்லை. ஹெட்டுக்கு வாரண்டி உண்டு, ஐயமே வேண்டாம். ஆனால் அது வளைந்தது ஹோஸ் பிய்ந்ததால். வாரண்டியில் இல்லாத பாகத்தால் வாரண்டியில் உள்ள பாகம் கெட்டால் அதற்குத் தொடர் சேதம் என்று பெயர். தொடர் சேதத்துக்கு இல்லை. ஆயிலில் கூலன்ட் கலந்ததை 'இன்ஜினுக்குள் நீர் புகுதல்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அது மழை வெள்ளத்தில் வண்டியை இறக்கியவர்களுக்கான விலக்கு. இன்ஜினுக்குள் இருந்த நீர் இன்ஜினுக்குள்ளேயே இடம் மாறியதை வெள்ளம் என்று கண்டுகொண்டவர் ஒருவர் உங்கள் பிரிவில் இருக்கிறார். அவரை வானிலை ஆய்வு மையத்துக்கு அனுப்பிவைத்தால் நாட்டுக்கு நல்லது. இவை எதுவும் செல்லுபடியாகாமல் போனால் கைவசம் இருக்கட்டும் என்று, கடைசி வரியில் 'முன்பே இருந்த குறையாகவும் கருதப்படுகிறது' என்று முடித்திருந்தீர்கள். பிறகு இந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

அப்படியானால் எதற்குத்தான் வாரண்டி உண்டு என்று கையேட்டின் பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், பிஸ்டன், கனெக்டிங் ராட், ஃப்ளைவீல், கியர்பாக்ஸின் உள்ளேயிருக்கும் பல்சக்கரங்கள். ஐயா, இவை தாமாக உடைகிற சாமான்கள் அல்ல. ஆயில் குறைந்தால் உடையும்; அது ஓனரின் கவனக்குறைவு. சூடேறினால் உடையும், அது தொடர் சேதம். பழைய காரில் உண்மையிலேயே போகிறவை எவை என்று ஜி.பி. ரோட்டில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையனைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வான்: ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங், சென்சர்கள். இவற்றை ஒன்றுவிடாமல் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறீர்கள். கார்களைப் பற்றி உங்கள் நிறுவனத்தில் நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால், அந்த விலக்குப் பட்டியலை எழுதியவர்தான். தலை போனால் பார்ப்போம், ஆனால் தலைவலி வந்து போயிருக்கக் கூடாது என்று சொல்லும் வைத்தியரை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இனி, பழுதுக்கு முன் நடந்த சர்வீஸ். உங்களிடம்தான் சர்வீஸ் விட வேண்டும், இல்லையேல் வாரண்டி கிடையாது என்றீர்கள். விட்டேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சோபா, காபி மெஷின், சத்தமில்லாத டிவி. அந்தப் பக்கம் லிஃப்டில் என் வண்டி. அதனடியில் ஈ காக்கை இல்லை. மாலையில் பில் வந்தது. இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம் – ஒன்றும் நான் கேட்டதல்ல. கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு தொகை. என்னவென்று கேட்டால், 'அது எல்லா பில்லுலயும் வரும் சார்.' காலண்டர்போல் அதுபாட்டுக்கு வரும்போலிருக்கிறது. கட்டினேன். இப்போது அந்த பில்லை எடுத்துப் பார்க்கிறேன். கீழிருந்து மூன்றாவது வரி: கூலன்ட் டாப்-அப், 1 லிட்டர்.

இந்த ஒரு வரியைத் தாங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கூலன்ட் என்பது பெட்ரோல்போல் ஓட ஓடத் தீர்கிற சங்கதி அல்ல. மூடிய சுற்று, உள்ளேயே ஓடி, உள்ளேயே திரும்புவது. 1 லிட்டர் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை. உங்கள் ஆள் மூடியைத் திறந்தார், குறைவாக இருப்பதைப் பார்த்தார், ஊற்றினார், மூடினார். கம்ப்யூட்டர் அதற்கு விலை போட்டது. மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார். உப்புப் பூத்த கிளாம்ப் அந்த மூடிக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. ஒருவர் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதற்கு பில்லில் தனி வரி இல்லாததுதான் காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசி வரிக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? முன்பே இருந்த குறை என்கிறீர்கள். முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்; மெக்கானிக் அண்ணனும் அதையேதான் சொன்னார். ஆனால் அப்படியானால், பார்வை 1இல் கண்ட அறிக்கையில் 'கூலிங் சிஸ்டம், ஹோஸ்கள், கசிவு: நன்று' என்ற இடத்தில் பச்சை டிக் போட்டது யார்? அந்த டிக்கை நம்பித்தான் வெளியில் கேட்ட விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். இல்லை, டிக் சரிதான், விற்கும்போது ஹோஸ் நன்றாகத்தான் இருந்தது என்றால், குறை வாரண்டிக் காலத்தில் வந்தது. அப்போது நிராகரிப்பு தப்பு. ஒரே நிறுவனத்தின் ஒரே முத்திரை போட்ட இரண்டு தாள்கள். ஒன்று உண்மையானால் மற்றது பொய். விற்கும்போது ஒன்று, விற்றபின் மற்றொன்று என்று தாங்கள் முறை வைத்துப் பயன்படுத்துவது தெரிகிறது.

இதற்கிடையில் உங்கள் சர்வீஸ் அட்வைசர் தம்பி போன் செய்தார். 'சார், கம்பெனில இருந்து ஃபீட்பேக் கால் வரும். 10க்கு 10 குடுத்துருங்க சார். 9 குடுத்தாக்கூட எனக்கு இன்சென்டிவ் போயிடும்.' வண்டி இன்னும் பிரிந்தே கிடக்கிறதே தம்பி என்றேன். 'அது வேற டிபார்ட்மென்ட் சார்.' அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய விதிகளுக்குத் திட்டு வாங்கிக்கொண்டு, சாயங்காலம் மார்க் கேட்டு நிற்கும் பிள்ளை. 10 கொடுத்தேன். உங்கள் ஆண்டறிக்கையில் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் கணக்கில் நானும் இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன்.

பழைய கார் வியாபாரத்தைப் பற்றியே ஒரு பொருளாதாரக் கட்டுரை உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதியது. 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அதுவே முக்கியக் காரணம். விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நம்பிக்கை போய் நல்ல வண்டிகள் சந்தையைவிட்டே விலகிவிடும் என்றார். அதற்கு அவர் காட்டிய தீர்வுகளில் உத்தரவாதமும் ஒன்று. அந்த மருந்திலேயே கலப்படம் செய்யலாம் என்று சொல்லித்தர அப்போது நீங்கள் இல்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். கையிலிருக்கும் வண்டி எங்கே, எதற்காக ஓடியது என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், உங்களைப் போன்றவர்கள் விற்கும் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் லாபத்தின்மேல் 18 சதவீத வரி என்றது. வண்டி போன வழியும் அரசுக்குத் தெரியும், உங்கள் லாபமும் தெரியும். ஹோஸ் ஒழுகுவது மட்டும் எனக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்காவில் 1985 முதல், வாரண்டி உண்டா இல்லையா, உண்டென்றால் செலவில் வியாபாரி எத்தனை சதவீதம் ஏற்பார் என்று கார் கண்ணாடியிலேயே ஒட்டிவைக்க வேண்டும். நீங்கள் அந்த இடத்தில் ரிப்பன் ஒட்டுகிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கை. இரண்டு தாள்களில் ஏதேனும் ஒன்றைத் திரும்பப் பெறுங்கள். எதுவென்பது உங்கள் விருப்பம். அறிக்கையைத் திரும்பப் பெற்றால், அதன்பேரில் வாங்கிய கூடுதல் விலையைக் கொடுங்கள். நிராகரிப்பைத் திரும்பப் பெற்றால், ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, கேஸ்கட், ஹோஸ், ஆயில் மாற்றி, வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். ஹெட்டைப் பூட்டுமுன் கூப்பிடுங்கள். மெக்கானிக் அண்ணன் வருவார். இந்த முறை கைகளைக் கட்டிக்கொள்ளமாட்டார்.

15 நாட்களுக்குள் பதில் தேவை. எங்கள் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் டைப் அடிப்பவர் சொல்லித்தான் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். உங்கள் கையேட்டைவிட எளிதாகப் புரிகிறது. நான் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. தங்கள் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தாங்கள்தான் வர வேண்டியிருக்கும். காரில் வருவதானால் கூலன்ட் பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

இப்படிக்கு,
தங்கள் குடும்பத்தில் ஒருவன்.

இணைப்பு: கீழிருந்து மூன்றாவது வரியில் கோடிட்ட சர்வீஸ் பில், கிளாம்பின் படங்கள், டார்ச் வெளிச்சத்தில்.

நகல்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், செங்கல்பட்டு (உறை எழுதியாகிவிட்டது, தபால்தலை மட்டும் ஒட்டவில்லை).